புதைந்த மணல் எழுந்து வருமா?

கேள்வி (பள்ளி ஆசிரியை ஒருவர்): ஆறும் கடலும் கொண்டுவந்து போடும் வண்டல், மேலே சேரும் எடையில் இறுகி அடுக்கடுக்காகப் பாறையாகிறது என்று பாடம் நடத்தினேன். ஒரு மாணவி எழுந்து, "அப்படியென்றால் நிலநடுக்கத்தின்போது தரையைப் பிளந்துகொண்டு மணல் எப்படி மேலே வருகிறது?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

பதில்: அந்தப் பெண்ணுக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள். பாடத்தில் விட்டுப்போன ஒன்றை அவள் தொட்டுவிட்டாள். அது தண்ணீர்.

கடலடியில் புதிதாகப் படிந்த சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மேலே வண்டல் சேரச் சேர அந்தத் தண்ணீர் பிழிபட்டு வெளியேற வேண்டும். வெளியேறினால் துகள்கள் நெருங்கி, மேலுள்ள சுமையைத் தாங்களே தாங்கும். வழி அடைபட்டால் சுமையில் ஒரு பங்கு தண்ணீரின் தலையில் விழும். துகள்களின் பிடி அந்த அளவுக்குத் தளரும். கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் 1920-களில் இதை ஒரு கழித்தல் கணக்காகவே எழுதினார். மேலிருந்து அழுத்தும் மொத்த அழுத்தத்தில் துளைநீரின், அதாவது துகள்களுக்கு இடையில் உள்ள நீரின், அழுத்தத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் மண்ணைப் பிடித்து வைக்கிறது. மிச்சம் பூஜ்யமானால் மணல் குழம்பு மாதிரி ஆகிவிடும்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, நுண்மணலை மெதுவாகத் தூவுங்கள். கொட்டிவிடாதீர்கள், தூவினால்தான் தளர்வாகப் படியும். மணல் நீர்மட்டத்தை எட்டியதும் அதன்மேல் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். நிற்கும். இப்போது பாத்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுங்கள். கல் சாய்ந்து அமிழும். சற்று முன்வரை ஈரமாக மட்டும் இருந்த மணலின்மேல் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளையே கேளுங்கள். குலுக்கலில் துகள்கள் நெருங்கப் பார்த்தன, இடையிலிருந்த நீர் பிதுங்கியது, அவ்வளவுதான்.

நிலத்தில் அந்த மணலுக்குமேல் களிமண் மூடி இருக்கும். அழுத்தம் ஏறியதும் மூடி விரிசல் விட, நீர் மணலையும் இழுத்துக்கொண்டு பீறிடுகிறது. 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நிகாதாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாக உடையாமல், அப்படியே சாய்ந்து படுத்தன. கட்டடங்களில் கோளாறு இல்லை, அவற்றைத் தாங்கிய மணல்தான் கைவிட்டது. உங்கள் பாத்திரத்தில் இரண்டாவது தட்டுக்குக் கல் அவ்வளவாக அமிழாது. நிலத்தை அப்படி நம்பிவிடக் கூடாது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010, 2011 நிலநடுக்கங்களின்போது ஒரே தெருக்களில் மணல் திரும்பத் திரும்ப மேலே வந்தது.

கேள்வி: சேற்று எரிமலை என்பது எரிமலைதானா? உள்ளே நெருப்புக் குழம்பு உண்டா?

பதில்: பெரும்பாலும் கிடையாது. சேறும் பெரும்பாலும் தொட்டால் குளிர்ந்தே இருக்கும். ஆழத்தில் வேகமாகப் புதைந்த களிமண், நீரை வெளியேற்ற முடியாமல் அழுத்தத்தோடு கிடக்கிறது. மீத்தேன் வாயுவும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வழி கிடைத்ததும் ஏறிவிடுகிறது. அஜர்பைஜானில் இப்படி நூற்றுக்கணக்கானவை உண்டு. 2013 செப்டம்பர் 24 அன்று பலுசிஸ்தானில் 7.7 அளவு நிலநடுக்கம் வந்தபோது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, குவாதர் கடலோரத்தில் ஒரு சேற்றுத் தீவே முளைத்தது. சில வருடங்களில் அலை அதைக் கரைத்துவிட்டது.

கரையாத துயரம் கிழக்கு ஜாவாவின் சிடோவார்ஜோவில் இருக்கிறது. 2006 மே 29 அன்று வயல்வெளியில் கொதிக்கும் சேறு பொங்கத் தொடங்கி, பல கிராமங்களை மூடியது. பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். இரண்டு நாள் முந்தைய யோக்யகர்த்தா நிலநடுக்கம் காரணமா, அப்போது பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த எரிவாயுக் கிணறு காரணமா என்று ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். கிணற்றைச் சொல்பவர்களின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. அந்த நிலநடுக்கம் சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் நடந்தது. எது தூண்டியிருந்தாலும், அழுத்தமேறிய களிமண் அங்கே முன்பே காத்துக் கிடந்தது. துளையிடுவதற்கு முன் அந்த அழுத்தத்தை மதிப்பிடுவது எவ்வளவு முக்கியம் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்ததே இல்லை.

கேள்வி: உப்புப் பாறை ஓடும் என்கிறார்களே?

பதில்: ஓடும். திட நிலையிலேயே, மிக மெதுவாக. சுற்றியுள்ள வண்டல் ஆழத்தில் இறுகி எடை கூடிக்கொண்டே போகிறது. உப்பு அப்படி இறுகாது. மேலே சுமை எங்கே குறைவோ அந்தப் பக்கம் பிதுங்கி, தலைக்குமேல் உள்ள அடுக்குகளைக் குவிமாடமாக வளைத்துவிடும். ஈரானின் ஜாக்ரோஸ் மலைகளில் அது தரையையும் தாண்டி, பனியாறு போலச் சரிவில் இறங்குகிறது.

கேள்வி (புவியியல் மாணவர் ஒருவர்): துளையிட்டு உருளையாக எடுத்த பாறைத் துண்டில், அதாவது கோர் மாதிரியில், ஷேல் பாறையை (இறுகிய களிமண் பாறையை) செங்குத்தாக வெட்டிச் செல்லும் மணல் பட்டை இருக்கிறது. மேலிருந்து நிரம்பிய வெடிப்பா, கீழிருந்து ஏறியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே பட்டையில்தான் தவறினேன். கறுப்பு ஷேலில் சுண்டுவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிற மணல். 'மேலிருந்து நிரம்பிய வெடிப்பு' என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். மூத்த புவியியலாளர் ஒருவர் கோர் மேல் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, லென்ஸை என் கையில் கொடுத்தார். மணலுக்குள் நகக்கண் அளவில் ஷேல் சில்லுகள் மிதந்த மாதிரி இருந்தன. ஒரு சில்லு எங்கிருந்து பெயர்ந்தது என்றுகூடத் தெரிந்தது. பட்டையின் ஓரத்தில் அதே வடிவில் ஒரு பள்ளம், அதற்கு அரை அங்குலம் மேலே சில்லு. மணல் ஏறும்போது பிய்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அடுத்த பெட்டியைத் திறந்தோம். பட்டை கீழே ஒரு மணற்கல் அடுக்கில் வேர்விட்டு நின்றது. மேலே மெலிந்து மெலிந்து மறைந்தது.

ஆகவே முதலில் கோர் துண்டின் மேல், கீழ் குறி சரியா என்று பாருங்கள். அப்புறம் சில்லுகளைத் தேடுங்கள், கடைசியில் வேரைத் தேடுங்கள். இதில் நேரம் செலவழித்தால் வீண் போகாது. மேலிருந்து நிரம்பியதென்றால் அந்தத் தரை ஒரு காலத்தில் வெடித்துத் திறந்து கிடந்தது என்று பொருள்; கீழிருந்து ஏறியதென்றால் அடியில் நீரழுத்தம் எகிறியிருந்தது என்று பொருள். எண்ணெயையும் வாயுவையும் மூடி வைத்திருக்கும் ஷேலில் அந்தப் பட்டையே ஒரு கசிவு வழி.

கீழிருந்து ஏறிய மணல் பழைய நிலநடுக்கங்களுக்கும் சாட்சி சொல்லும். அமெரிக்காவின் நியூ மாட்ரிட் பகுதியில் 1811-12 நிலநடுக்கங்கள் கக்கிய மணல் திட்டுகள் வயல்களில் இன்னும் வெளிறித் தெரிகின்றன. அவற்றைவிடப் பழைய திட்டுகளைத் தோண்டி, கூடவே கிடைத்த கரித்துண்டுகளையும் பானை ஓடுகளையும் வைத்துக் காலம் கணித்திருக்கிறார்கள். கி.பி. 1450 வாக்கிலும் 900 வாக்கிலும் அங்கே அதே போல் பெரிய நிலநடுக்கங்கள் வந்திருக்கின்றன என்பது அப்படித்தான் தெரியவந்தது.