கட்டைவிரல் ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி: இரண்டு வருடமாகக் கிடார் வாசிக்கிறேன். சினிமாப் பாட்டுகளுக்கு ஸ்ட்ரம் செய்வது நன்றாக வரும். இப்போது கட்டைவிரல் பேஸையும் மற்ற விரல்கள் மெலடியையும் வாசிக்கும் டிராவிஸ் பிக்கிங் பழகுகிறேன். சி கார்டில் ஒரு லிக் (சின்ன இசைத் துணுக்கு) என்னைப் படுத்துகிறது. கட்டைவிரல் 5, 4, 6, 4 என்று பேஸ் தந்திகளில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே மெலடி, அதன் கடைசியில் ஒரு புல்-ஆஃப் (அழுத்திய இடது விரலால் தந்தியைச் சுண்டி விட்டு ஸ்வரம் எழுப்புவது). மெட்ரோநோமில் நிமிடத்துக்கு 60 அடி வைத்தால் சுத்தமாக வருகிறது. 90-க்குப் போனால் புல்-ஆஃப் வரும் இடத்தில் கட்டைவிரல் நின்றுவிடுகிறது. தினமும் ஒரு மணி நேரம் வாசித்தும் பலன் இல்லை. வலது கையில் எத்தனை விரல் பயன்படுத்துவது என்பதிலும் குழப்பம். எனக்கு வயது 34. என் விரல்கள் இவ்வளவுதானா? கட்டைவிரலில் மாட்டும் தம்ப் பிக் வாங்கினால் சரியாகுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: 60-இல் சுத்தமாக வாசிக்கிற விரல்களுக்கு வயதால் எந்தக் குறையும் இல்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். நீங்கள் லிக்கை முழுதாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்கள், ஆனால் அது உடைகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு மணி நேரத்தில் அந்த இடத்துக்குக் கிடைப்பது மிகச் சில நிமிடங்கள். மீதி நேரமெல்லாம் ஏற்கெனவே வருவதையே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் விரல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தப் பாணிக்குப் பெயர் தந்த கிடார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்காரர். அவர் வாசித்தது பெரும்பாலும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டுமே. பின்னாளில் புகழ்பெற்ற இன்னொரு கிடார் கலைஞர் செட் அட்கின்ஸ் சிறுவயதில் அவரை வானொலியில்தான் கேட்டார். கையைப் பார்க்க வழியில்லை. இவ்வளவு ஒலி எழ நிறைய விரல்கள் வேண்டியிருக்கும் என்று எண்ணி, கட்டைவிரலோடு மற்ற விரல்களையும் சேர்த்துப் பழகிக்கொண்டார். இரண்டு வழியிலும் மகத்தான இசை பிறந்திருக்கிறது. ஆகவே எத்தனை விரல் என்பது உங்கள் வசதி. ஆனால் எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்பது மட்டும் தினமும் மாறக் கூடாது. உங்கள் லிக்குக்கு நான் சொல்வது இதுதான்: முதல் தந்திக்கு (மிக மெல்லியது) நடுவிரல், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஆள்காட்டி விரல். பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லிக்குக்கு வருவோம். நீங்கள் எழுதி அனுப்பியதைத் 'தகதிமி தகஜணு' என்று எட்டு அட்சரமாக வாயால் சொல்லிப் பாருங்கள். இதற்கு மிருதங்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. த, தி, த, ஜ நான்கிலும் கட்டைவிரல் விழுகிறது. முதல் 'த'வில் கட்டைவிரலோடு சேர்த்து முதல் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட் (கிடார் கழுத்தின் மூன்றாவது கட்டம்). 'மி'யில் முதல் தந்தி வெறுமனே. இரண்டாவது 'க'வில் இரண்டாம் தந்தியின் 1-ஆம் ஃப்ரெட். அதிலிருந்து புல்-ஆஃப் வந்து விழும் இடம் 'ஜ'. 'ணு'வில் மூன்றாம் தந்தி.

சிக்கல் அந்த 'ஜ'வில் இருக்கிறது. அங்கே மேல் ஸ்வரத்தை எழுப்புவது இடது கை, பேஸை எழுப்புவது வலது கட்டைவிரல். இதுவரை மேல் ஸ்வரம் ஒவ்வொன்றையும் வலது கைதான் மீட்டியது. இப்போது திடீரென்று இடது கை ஒரு ஸ்வரத்தை எடுத்துக்கொள்ள, 'நம் முறை இல்லை போலிருக்கிறது' என்று வலது கை முழுதும் ஓய்ந்துவிடுகிறது. கட்டைவிரலும் அதோடு சேர்ந்து நிற்கிறது.

அதே சமயத்தில் இடது கையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. இரண்டாவது 'த'வின் பேஸுக்காக ஆறாம் தந்திக்குப் போயிருந்த மோதிரவிரல் அடுத்த சுற்றுக்குள் ஐந்தாம் தந்திக்குத் திரும்பியாக வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய நேரம் இருக்கிறது. 90-இல் அந்த நேரம் கிடையாது, எல்லாம் ஒன்றாக நடக்க வேண்டும். 60, 62, 64 என்று ஏற்றிக்கொண்டே போவது பலருக்கு ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். வேகமான அசைவை மெதுவான வாசிப்பு முழுதாகக் கற்றுத் தருவதில்லை.

எனவே சில நாள் லிக்கை முதலிலிருந்து தொடங்காதீர்கள். 'க ஜ ணு த' என்ற நான்கு அட்சரத்தை மட்டும் எடுங்கள். கடைசி 'த' அடுத்த சுற்றின் முதல் அடி. இதை மெதுவாக நான்கைந்து முறை பார்த்துவிட்டு, நேராக 90-இல் ஒரே ஒரு முறை வாசித்து நிறுத்துங்கள். கையைத் தளர விடுங்கள். மறுபடி ஒரு முறை. இடைவெளி விடாமல் சுற்ற விட்டால் கை இறுகிவிடும். இது ஓடியதும் முன்னால் ஓர் அட்சரம் சேருங்கள், அப்புறம் இன்னொன்று. பின்னாலிருந்து முன்னால் கட்டிக்கொண்டு வந்தால், வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கியே போவீர்கள். அது தரும் தைரியம் பெரிது.

இடது கைக்கு இரண்டு விஷயம். 'ஜ'வில் ஆள்காட்டி விரல் தந்தியை இழுத்து விடும் அதே கணத்தில் மோதிரவிரலும் ஆறாம் தந்தியை விட்டுக் கிளம்பலாம். அதன் ஸ்வரம் ஏற்கெனவே ஒலித்து முடிந்தது. பிறகு மோதிரவிரலும் சுண்டுவிரலும் 3-ஆம் ஃப்ரெட்டில் ஜோடியாக ஒரே நேரத்தில் இறங்கட்டும். ஆள்காட்டி விரலோ அடுத்த சுற்றின் இரண்டாவது 'க' வரை தேவையே இல்லை! முழு சி கார்டையும் உடனே பிடித்தாக வேண்டும் என்கிற அவசரத்தில்தான் பலருக்கும் கை குழம்புகிறது. புல்-ஆஃப் செய்யும்போது விரலை நேராகத் தூக்காமல் தரைப்பக்கமாக லேசாகச் சுண்டி இழுங்கள், இல்லாவிட்டால் 'ஜ' கேட்காது. முதல் தந்தியில் விரல் பட்டால் பரவாயில்லை.

கட்டைவிரலுக்குத் தனிப் பயிற்சி கட்டாயம் வேண்டும். பேஸை மட்டும் வாசித்துக்கொண்டே, வீட்டில் யாராவது கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பேச்சில் கட்டைவிரல் தடுமாறினால் அது இன்னும் உங்கள் கவனத்தை நம்பியே ஓடுகிறது என்று அர்த்தம். பேசிக்கொண்டே ஓட ஆரம்பித்த பிறகு மெலடியைச் சேருங்கள். ஆறாம் தந்திக்குப் போய் வருவது பாரமாக இருந்தால் முதல் வாரம் 5, 4, 5, 4 என்றே போகலாம். லிக்கின் உயிர் கெடாது. உள்ளங்கையின் அடிப்பகுதியை, தந்திகள் போய் முடியும் பிரிட்ஜ் அருகே பேஸ் தந்திகளின் மேல் லேசாக வையுங்கள். பேஸ் அடங்கி ஒலித்தால் மெலடி தனியாகத் தெரியும், தப்பும் தெரியும்.

அந்த ஒரு மணி நேரத்தையும் பிரித்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து, படுக்கும் முன் பத்து. மீதி நேரத்தில் வேறு பாட்டு வாசியுங்கள். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கையால் சிறு தடுப்புகளைத் தட்டிவிடும் வேலையைச் சிலருக்குப் பழக்கினார்கள். ஒரு வரிசையைத் தொடர்ந்து செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். அதே வரிசைகளைக் கலந்து செய்தவர்கள் பயிற்சியில் திணறினாலும், பத்து நாள் கழித்துச் சோதித்தபோது நன்றாகச் செய்தார்கள். மாலையில் வந்தது காலையில் காணாமல் போனால் மனம் தளர வேண்டாம். மறுநாள் கையை எடுத்ததும் வாசிக்கிற முதல் முறையைப் போனில் பதிவு செய்யுங்கள். உண்மையான நிலவரம் அதில் இருக்கும், முப்பதாவது முறையில் இல்லை.

கட்டைவிரலின் அடியிலோ மணிக்கட்டிலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஓய்வுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். பிடிவாதமாக வாசித்து வலியை வெல்ல முடியாது.

தம்ப் பிக் கேட்டிருந்தீர்கள். டிராவிஸும் அட்கின்ஸும் அதைப் பயன்படுத்தியவர்கள்தான். பேஸ் எடுப்பாகக் கேட்கும், எனக்கும் அந்த ஒலி மிகவும் பிடிக்கும். ஆனால் இப்போது வாங்கி மாட்டினால் கட்டைவிரல் தந்தியைத் தொடும் ஆழமும் கோணமும் மாறி, இன்னொரு புதுப் பழக்கத்தையும் சேர்த்துக் கற்க வேண்டியிருக்கும். 'க ஜ ணு த' 90-இல் கட்டைவிரல் நிற்காமல் ஓடட்டும், பிறகு வாங்குங்கள். வாங்கும்போது இரண்டு மூன்று அளவு போட்டுப் பாருங்கள். தளர்வாக இருந்தால் சுழலும், இறுக்கமாக இருந்தால் விரல் மரத்துப்போகும்.