விரல் வெளுத்தால் நகத்தை ஏன் பார்க்கிறார்கள்?

கேள்வி: எனக்கு வயது 34. குன்னூரில் வசிக்கிறேன். இரண்டு வருடமாகக் காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தாலே விரல்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து மரத்துவிடுகின்றன. அப்புறம் நீலமாகி, கடைசியில் சிவந்து வலிக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கு ப்ரொப்ரனலால் சாப்பிடுகிறேன். மூட்டுவாத நிபுணர் ‘நகத்தைக் கேமராவில் பார்க்க வேண்டும்’ என்கிறார். ஊசி போடுவார்களா? விரல் வெளுப்பதற்கும் நகத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இந்த நகப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது, ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க மாட்டார்கள். தைரியமாகப் போய் வாருங்கள்.

நீங்கள் சொல்வது ரேனாட்ஸ் பாதிப்பு போலத்தான் இருக்கிறது. மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-இல் விவரித்தது. குளிர் பட்டதும் விரலின் சிறு ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்கின்றன. ரத்தம் வராமல் விரல் வெளுக்கிறது. தேங்கிய ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நீலமாகிறது. குழாய் திறந்ததும் சிவக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்த இறுக்கத்தைத் தவிர வேறு நோய் இல்லை. சிலருக்கு மட்டும், தோலையும் நுரையீரலையும் இறுகவைக்கும் ஸ்கிளீரோடெர்மா போன்ற நோயின் முதல் அறிகுறியாக இது வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் நகத்தைப் பார்க்கிறோம்.

தந்துகிகள், அதாவது உடம்பின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள், பெரும்பாலும் தோலுக்குள் செங்குத்தாக நிற்பதால் மேலிருந்து புள்ளியாகத்தான் தெரியும். நகம் தொடங்கும் இடத்தில் தோல் மடியும் ஓரத்தில் அவை படுத்தபடி ஓடுகின்றன. அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, 200 மடங்கு பெரிதாக்கும் கேமராவை வைத்தால், உங்கள் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள்போல வரிசையாகத் தெரியும். அவற்றுக்குள் ரத்தம் நகர்வதையும் திரையில் பார்க்கலாம். நீங்களும் பாருங்கள்; பயம் பாதி போய்விடும்.

ஆரோக்கியமான விரலில் ஒரு மில்லிமீட்டருக்கு 7 வளைவுகளாவது ஒரே சீராக நிற்கும். ஸ்கிளீரோடெர்மாவில் சில வளைவுகள் 50 மைக்ரானுக்கு மேல் பூதாகரமாக வீங்கும், பக்கத்தில் பொட்டுப்பொட்டாக ரத்தம் கசிந்திருக்கும். நோய் முற்ற முற்ற வளைவுகளே மறைந்து இடம் வெறுமையாகிவிடும். இந்த மாற்றம் தோல் இறுகுவதற்கு முன்பே தெரியக்கூடும் என்பதால்தான் இந்தப் பரிசோதனையை நான் இவ்வளவு மதிக்கிறேன். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. 2013-இல் வந்த சர்வதேச அளவுகோலில் ஸ்கிளீரோடெர்மா என்று வகைப்படுத்த 9 புள்ளிகள் வேண்டும். ரேனாட்ஸுக்கு 3, நகத் தந்துகி மாற்றத்துக்கு 2. உடம்பு தன் சொந்த செல்களுக்கு எதிராகவே உண்டாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனையும் (இதைத் தனியாக எடுப்பார்கள்) சேர்ந்தால்தான் படம் தெளிவாகும். இரண்டும் சரியாக இருந்தால் பின்னாளில் பெரிய நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

போவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் நகம் கடிக்காதீர்கள், ஓரத்துத் தோலை வெட்டாதீர்கள். மருதாணியும் வேண்டாம், அந்தச் சிவப்பு படத்தை மறைத்துவிடும். நெயில் பாலிஷை அழித்துவிட்டுப் போங்கள். போனதும் கால் மணி நேரம் மிதமான சூடுள்ள அறையில் உட்கார வைப்பார்கள். கறுத்த தோலில் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம்; மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, இது முக்கியம். ப்ரொப்ரனலால் விரல் குழாய்களின் இறுக்கத்தை அதிகப்படுத்தலாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், நெஞ்சு படபடக்கும். தலைவலிக்கு வேறு மருந்து தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடிக்கடி வெளுத்துத் தொல்லை கொடுத்தால், குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபைன் போன்ற மாத்திரை இருக்கிறது.

பாத்திரம் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும். மரத்த விரலை அடுப்பருகே காட்டாதீர்கள், சுடுவதே தெரியாது. கையுறை மட்டும் போதாது, ஸ்வெட்டரும் வேண்டும். உடம்பு குளிர்ந்தாலே விரல் இறுகும்.

விரல் நுனியில் புண் வந்தாலோ கறுத்தாலோ, படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, சோறு தொண்டையில் நின்றாலோ, பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.