கையில் நாய், பூனை கடித்தால்: கேட்டவர்களுக்குக் கை அறுவை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், நேற்று மாலை பூனைக்கு மாத்திரை கொடுக்கும்போது ஆள்காட்டி விரலில் கடித்துவிட்டது. இரண்டே புள்ளிகள்தான், ரத்தம்கூட அதிகம் வரவில்லை. இன்று காலை விரல் வீங்கிவிட்டது, மடக்க முடியவில்லை. நாளை வரை பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். அதற்கு முன் அந்தக் கையில் மோதிரம், வளையல் எது இருந்தாலும் சோப்பு போட்டுக் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

நாய்க்கடி பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் காயம் திறந்திருப்பதால் கழுவ முடியும். பூனைப் பல் மெல்லியது, கூரானது. தசையை எலும்போடு இணைக்கும் நாணைத் தசைநாண் என்போம்; பூனைப் பல் நேராக அதைச் சுற்றியிருக்கும் உறைக்குள்ளோ மூட்டுக்குள்ளோ இறங்கிவிடும். மேலே துளை மூடிக்கொள்ளும். பூனை வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்சுரெல்லா என்ற கிருமி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும்.

உங்கள் விரலில் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். விரல் லேசாக மடங்கியே நிற்கிறதா, முழு விரலும் ஒரே சீராக வீங்கியிருக்கிறதா, உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுக அழுத்தினால் வலிக்கிறதா, மருத்துவர் மெதுவாக நீட்டிவிட்டால் உயிர் போகிறதா. சிகாகோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆலன் கனாவெல் நூறு வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்த அடையாளங்கள் இவை. இன்றும் இவற்றைத்தான் நம்புகிறோம். உறைக்குள் சீழ் பிடித்துவிட்டால் மாத்திரை மட்டும் போதாது, ஆபரேஷன் தியேட்டரில் திறந்து கழுவ வேண்டியிருக்கும். கட்டைவிரல், சுண்டுவிரல் என்றால் கவலை இன்னும் அதிகம். அவற்றின் உறைகள் மணிக்கட்டு வரை ஓடுகின்றன, பலருக்கு அங்கே இரண்டுக்கும் தொடர்பு உண்டு. சுண்டுவிரலில் தொடங்கிய சீழ் கட்டைவிரலில் போய் நிற்கும்.

கேள்வி: வீட்டில் மிச்சம் இருக்கும் செபலெக்சின் ஆன்டிபயாடிக் மாத்திரை போதுமா?

பதில்: போதாது. பாஸ்சுரெல்லா அதற்குச் சரியாக அடங்காது. வழக்கமாகக் கொடுப்பது அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்து. பெனிசிலின் அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். டோஸ் இங்கே எழுதமாட்டேன்.

கேள்வி: எங்கள் நாய்க்கு வருடாவருடம் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி போடுகிறோம். என் கையைக் கடித்துவிட்டது. எனக்கும் ஊசி தேவையா?

பதில்: தேவை. நாய்க்குப் போட்ட ஊசி சரியாகப் பிடித்ததா என்று கடித்த அன்று யாராலும் சொல்ல முடியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவுங்கள், ஊசியைத் தொடங்குங்கள், நாயைக் கட்டிவைத்து 10 நாள் கவனியுங்கள். அது நன்றாக இருந்தால் கடைசியாக வரும் 28ஆம் நாள் ஊசியை நிறுத்தலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். விரல்களில் நரம்புகள் நெருக்கம், அதனால் ரேபிஸ் விஷயத்தில் கைக்கடியை நாங்கள் லேசாக எடுப்பதில்லை.

கேள்வி: முன்கையில் தெருநாய் கடித்துச் சதை பிய்ந்து தொங்கியது. மருத்துவமனையில் தையலே போடாமல் கட்டு மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். இது அலட்சியம் இல்லையா?

பதில்: இல்லை, தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். நாயின் பல் கிழிப்பதோடு விடாது, நசுக்கும். நசுங்கிய சதை கிருமிக்கு நல்ல தீனி. அதை உள்ளே வைத்துத் தைத்தால் சீழ் வெளியேற வழியில்லை. கழுவி, செத்த சதையை அகற்றி, திறந்துவைத்து, ஓரிரு நாளில் திரும்பப் பார்ப்பார்கள். சுத்தமாக இருந்தால் சில நாள் கழித்து மூடலாம்.

கேள்வி: நான் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் டாக்டர் போன மாதம் ஒரு நாய்க்கடியைத் தைத்தார், அழகாக ஆறிவிட்டது. நீங்கள் சொல்வது பழைய பாடமாக இருக்கிறதே?

பதில்: எந்த இடத்துக் கடி சிஸ்டர்?

கேள்வி: கன்னம்.

பதில்: அதுதானே! முகத்தில் ரத்த ஓட்டம் தாராளம், தழும்பும் முக்கியம், தைப்பார்கள். கையில் ஒவ்வொரு விரலும் மூடிய அறைகளாக இருக்கிறது, கொஞ்சம் சீழ் போதும் விரலே போய்விட.

கேள்வி (முன்கைக் கடிக்காரர்): அப்படியென்றால் எனக்குத் தழும்பு வந்தால் பரவாயில்லையா?

பதில்: தழும்பைப் பிறகு சரிசெய்யலாம் தம்பி. தைப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு: தையல் ஊசியே ரேபிஸ் வைரஸை ஆழமாகத் தள்ளிவிடலாம். தைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (ரேபிஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசி போட்டு, சில மணி நேரம் விட்டு, தளர்வாக ஒன்றிரண்டு தையல். உங்களுக்கு அந்த இம்யூனோகுளோபுலின் ஊசியைக் காயத்திலேயே போட்டார்களா? அதைக் கேளுங்கள், தையலை விட அது முக்கியம். போடாமல் விட்டிருந்தால் முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள் போட்டாக வேண்டும்.

கேள்வி (நர்ஸ்): கன்னத்தைத் தைத்தபோது எங்கள் டாக்டரும் அதைத்தான் செய்தார்.

பதில்: அப்போது நாம் சண்டை போட ஒன்றும் இல்லை.

கேள்வி: மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியிருக்கிறோம். எங்கள் ஊரில் அப்படித்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பதில்: கடித்த நாய்களுக்கு ரேபிஸ் இல்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. இருந்திருந்தால் எந்தத் தூளும் காப்பாற்றியிருக்காது. எரிச்சலில் சதை வெந்துபோவதுதான் மிச்சம். கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போங்கள். மோதிரம் இருக்கிறதா? கழற்றுங்கள்.

கேள்வி: தடுப்பூசி போட்ட நாய்தான், லேசாகத்தான் பல் பட்டது. ஊசி வேண்டுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: தடுப்பூசி போட்ட பூனை என்றால்?

பதில்: அதேதான். நாளைக்குத் தடுப்பூசி போட்ட முயல் என்று யாரும் கேட்காதீர்கள்.

கேள்வி: தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. இந்தியாவில் 2004 இறுதியோடு நின்றுவிட்டது. இப்போது புஜத்தில்தான். தோலுக்குள் போடும் முறையில் 0 (முதல் ஊசி நாள்), 3, 7, 28 என நான்கு நாட்கள். தசையில் என்றால் 14ஆம் நாளும் சேரும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

கேள்வி: குரங்கு கீறிவிட்டது.

பதில்: 10 நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். காத்திருக்காமல் ஊசிக்குப் போங்கள்.

கேள்வி: கடித்து மூன்று வாரம் ஆகிறது. காயம் ஆறிவிட்டது, நடுவிரல் மட்டும் முழுதாக மடங்கவில்லை. பிசியோதெரபி போதுமா?

பதில்: முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள், பல் துணுக்கோ எலும்பு முறிவோ தப்பியிருக்கலாம். பிறகு மற்றொரு கையால் அந்த விரலை மெதுவாக மடக்கிப் பாருங்கள். அப்படியும் மடங்கவில்லை என்றால் மூட்டு இறுகியிருக்கிறது, பிசியோ உதவும். மற்றொரு கையால் மடக்கினால் மடங்குகிறது, தானாக மடங்கவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம் அல்லது ஒட்டியிருக்கலாம். கை அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும். சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனித்துறை இருக்கிறது, அங்கே போய்க் காட்டுங்கள்.