மலரில் அம்மாவுக்கு எத்தனை பக்கம்?

அன்புள்ள ஐயா,

என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். 1964-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் மேற்கு எல்லையின் ஷகர்கர் முனையில் நின்று, 1984-இல் ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். 1969-இல் திருமணம். ஓய்வுக்குப் பின் ஊர்ப்பணியே அவர் வாழ்க்கை. பல குடும்பங்களுக்குப் பென்ஷன் கிடைக்க உதவினார். 2009 மண்சரிவின்போது இளைஞர்களைத் திரட்டிப் பாதையைச் சீர்செய்தார். ஆண்டு நினைவுக்கு ஒரு மலர் கொண்டுவருகிறோம். பதக்கங்களை எந்த வரிசையில் அச்சிடுவது? போருக்கு எத்தனை பக்கம் ஒதுக்கலாம்? வீட்டில் மிகவும் கண்டிப்பானவர் என்பதை எழுதலாமா? அம்மா நலமாக இருக்கிறார்.

க., குன்னூர்

அன்புள்ள க.,

உங்கள் தந்தைக்கு என் அஞ்சலி. பதக்க வரிசையை அவருடைய பழைய தோழர் எவரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். போருக்கு இரண்டு பக்கம் போதும். அவர் சீருடையில் இருந்தது 20 ஆண்டுகள், ஊரில் வாழ்ந்தது அதைப்போல் இரு மடங்கு.

என்னைச் சினம்கொள்ள வைத்தது உங்கள் கடைசி வரி. தந்தையின் வாழ்வை இவ்வளவு பரிவோடு எழுதிய நீங்கள், அம்மாவுக்கு இரண்டே சொற்களைத்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். படைவீரர்களின் நினைவு மலர்களைப் புரட்டும்போதெல்லாம் இந்தக் குறை என்னை உறுத்துகிறது. மனைவியின் படம் முதல் பக்கத்தில் இருக்கும்; அவர் செய்தது எதுவும் எந்தப் பக்கத்திலும் இராது.

என் பெரியப்பாவும் அதே ரெஜிமெண்டில் நாயக் பதவியில் இருந்தவர், குன்னூரை அடுத்த அருவங்காட்டில் குடியிருந்தார். வீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீஸ் குன்னூர் அருகே வெலிங்டனில் இருப்பதால், திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் கணவனை இழந்த பெண்கள் குடும்பப் பென்ஷனுக்காக மலையேறி வருவார்கள். விடுமுறையில் வந்து மணமுடித்துத் திரும்பிய சிப்பாய் அதை முறையாகப் பதிவுசெய்யாமல் விட்டிருப்பார். அல்லது பதிவேட்டில் மனைவியின் பெயர் ஒருவிதமாகவும் ரேஷன் கார்டில் வேறுவிதமாகவும் இருக்கும். அதைத் திருத்தாமல் பணம் வராது. அந்த மனுக்களை எழுதிக் கொடுத்தவர் பெரியப்பா என்றுதான் ஊர் இன்றுவரை சொல்கிறது.

ஆனால் இரவெல்லாம் பேருந்தில் வந்து, மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் குளிரில் நடுங்கத் தொடங்கிய அந்தப் பெண்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, தன் கம்பளியைப் போர்த்தி, அடுக்களையில் தன் அருகில் உட்காரவைத்துச் சோறிட்டவர் பெரியம்மா. திண்ணையில் பெரியப்பா கேட்டால் தலைகுனிந்து நின்றவர்கள், அடுப்பின் முன்னால் வாய்திறந்து பேசினார்கள்: திருமணம் எந்தக் கோயிலில் நடந்தது, முதல் பிள்ளை எந்த ஆடியில் பிறந்தது, சாட்சி சொல்ல உயிரோடு இருப்பவர் யார், கணவன் வேறொரு பெண்ணோடு வாழ்ந்தாரா என்பது உட்பட. பெரியம்மா அவற்றையெல்லாம் நினைவில் வைத்திருந்து இரவில் சொல்வார். பெரியப்பா காலையில் மனுவாக எழுதுவார். மனுவின் உயிர் பெரியம்மா கேட்டறிந்த செய்திகளில் இருந்தது. பெரியப்பாவின் இரங்கல் கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் அவர் கையெழுத்தைப் புகழ்ந்தார்கள். பெரியம்மாவின் பெயரை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை, அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தும்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் மாண்ட அந்த மழையில், உங்கள் தந்தை திரட்டிய இளைஞர்களுக்கு உலை வைத்தவர் யார்? 1971 டிசம்பர் 3 முதல் 17 வரை, மணமாகி இரண்டே ஆண்டான உங்கள் அம்மா யார் வீட்டு வானொலியில் செய்தி கேட்டார்? மணியார்டர் தாமதமான மாதங்களில் மளிகைக் கடனை எப்படி அடைத்தார்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் யாரைத் துணைக்கு அழைத்தார்? இவற்றில் ஒன்றுக்காவது உங்களுக்குப் பதில் தெரியுமா? தெரியாதென்றால் இத்தனை ஆண்டுகள் அந்த வீட்டில் என்ன கவனித்தீர்கள்?

கடிந்து பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு அம்மா இன்னும் உங்களுடன் இருக்கிறார். அந்தப் பேறு எனக்கு இப்போது இல்லை. அச்சகத்துக்குச் சொல்லி மலரை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். கைபேசியின் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, குறுக்கே பேசாமல் அவரைப் பேசவிடுங்கள். அவர் பெயரிலேயே அதை மலரில் வெளியிடுங்கள். தந்தையின் கண்டிப்பை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதனோடு அதிக காலம் வாழ்ந்தவர் அவர்தான். எழுதலாமா, எவ்வளவு எழுதலாம் என்பதை அவரே முடிவுசெய்யட்டும்.