ஓடட்டும் முதலில், மினுமினுப்பு பிறகு

கேள்வி: மிஷிகன் மாநிலம் டிராய் நகரில் குடியிருக்கிறேன். ஒஹாயோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பல வருடங்களாகக் கிடந்த 1966 பான்டியாக் ஜிடிஓ காரை வாங்கி வந்து கராஜில் நிறுத்தியிருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் சேஸிலிருந்து பாடியைத் தூக்கி, கடைசி போல்ட் வரை பிரித்து, பெயிண்டும் நானே அடித்து, அடுத்த ஆகஸ்டில் உட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்கு ஓட்டிப் போக ஆசை. எஞ்சின் அந்தக் காலத்து 389 கன அங்குல எஞ்சின் இல்லை, பின்னால் வந்த 400 என்கிறார் விற்றவர். ஒரிஜினல் எஞ்சினைத் தேடிப் பிடிக்க வேண்டுமா? 14 வயது மகள் கூடமாட வேலை செய்கிறேன் என்கிறாள். மனைவிக்குத்தான் இஷ்டமில்லை. "என் கார் பனியில் நிற்கணுமா?" என்கிறார்.
– க.செ., டிராய்

பதில்: வண்டி அருமை. திட்டம்தான் உதைக்கிறது.

பாடியைத் தூக்குவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. போல்ட்டுகள் இளகிக் கொடுத்து, நாலு நண்பர்களுக்கு பிரியாணியும் வாங்கிக் கொடுத்தால் சனி ஞாயிறில் தூக்கிவிடலாம். திரும்ப இறக்குகிற நாள்தான் வருவதே இல்லை. பிரித்துப் போட்ட கார் முழுக் காரைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் பிடிக்கும். நடுவில் ஆபீஸில் வேலை கூடும், ஊருக்கு ஒரு தடவை போய்வர வேண்டியிருக்கும், எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது மறந்துவிடும். பழைய கார் விற்பனை விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். "பாதி வேலை முடிந்தது, மீதிப் பாகங்கள் பெட்டியில்" என்று எத்தனை வருகின்றன! ஆளுக்கு ஆள் கைமாறுகிற அந்த வண்டிகளெல்லாம் ஏதோ ஒரு குளிர்காலத்தில் உற்சாகமாகப் பிரிக்கப்பட்டவைதான். அடுத்த ஆகஸ்டில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் பாடி சேஸ் மேலேயே இருக்கட்டும். முதலில் பிரேக் பிடித்தால் நிற்கிற வண்டியாக்குங்கள், பிறகு ஓடுகிற வண்டியாக்குங்கள். அழகெல்லாம் கடைசியில்.

எதையும் தொடும் முன் ஒரு விஷயம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கீல் இருக்கிற தூணில் வண்டி எண் தகடு இருக்கும். அது 242 என்று தொடங்கினால் உங்களுடையது அசல் ஜிடிஓ. 237 என்றால் அது பான்டியாக்கின் இன்னொரு மாடலான லெமான்ஸ். யாரோ ஜிடிஓ சின்னங்களை ஒட்டியிருக்கிறார்கள். 1964 மாடலாக, பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன் குழுவினர் இந்தக் காரைக் கொண்டுவந்தபோது, நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் விதி இருந்தது. அதிலிருந்து நழுவத்தான் 389 எஞ்சினை டெம்பெஸ்ட் காரின் ஒரு கூடுதல் வசதியாகக் காட்டினார்கள். அதனால் முதல் இரண்டு வருடத்து வண்டிகளை எண்ணை வைத்து மட்டும் அடையாளம் சொல்ல முடியாது. 1966-இல்தான் ஜிடிஓ தனி வரிசை ஆனது. அந்த வகையில் உங்களுக்கு யோகம். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்கு எண்ணை அனுப்பினால், எந்த எஞ்சின், என்ன கியர்பாக்ஸ், எந்த நிறத்தோடு தொழிற்சாலையை விட்டு வந்தது என்ற ஆவணம் கிடைக்கும். காசு செலவானாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிரேக். 1966 ஜிடிஓவில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பிரேக் எண்ணெயை நான்கு சக்கரத்துக்கும் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை அறைதான். எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கும் சேர்ந்தே போய்விடும், பெடல் தரையில் உட்காரும். அடுத்த வருட மாடலில்தான் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும், விரும்புகிறவர்களுக்கு முன்பக்க டிஸ்க்கும் வந்தன. மாஸ்டர் சிலிண்டரை இரட்டையாக மாற்றுங்கள். ஹோஸ், குழாய், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது. 'ஒரிஜினலாக இருக்கட்டுமே' என்ற பேச்சு இந்த ஒரு இடத்தில் மட்டும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் மகளைக் கூப்பிடுங்கள், அவளுக்கான முதல் வேலை இதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு, அவள் டார்ச் அடித்து உள்ளே இருக்கும் ரோட்டரையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் கிராங்கை ஒரு பக்கமாகச் சுற்றி நிறுத்தி, பிறகு எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். ரோட்டர் அசைகிற நொடியில் அவள் "நிறுத்து" என்று கத்த வேண்டும். அதுவரை கிராங்க் எத்தனை டிகிரி சும்மா திரும்பியதோ, அதுதான் கிராங்கையும் கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கிற டைமிங் செயினின் தளர்ச்சி. ஏழெட்டு டிகிரியைத் தாண்டினால் செயினை மாற்றுங்கள். அந்தக் காலத்து பான்டியாக்கில் கேம் கியரின் பற்களில் நைலான் பூச்சு உண்டு. வயதானால் அது உதிர்ந்து ஆயில் பானில் விழும், ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும், எஞ்சின் எண்ணெய் இல்லாமல் சாகும். உங்கள் 400-இன் பூர்வீகம் தெரியாததால் ஆயில் பானையும் ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரிஜினல் 389-ஐத் தேட வேண்டாம். இந்த வண்டியோடு பிறந்த அதே பிளாக் கிடைத்தால் ஒழிய, வேறொரு 389-ஐக் கொண்டுவந்து போட்டாலும் அதுவும் மாற்று எஞ்சின்தான். பான்டியாக் அந்த நாட்களில் செய்த 326 முதல் 455 வரையான வி8 எஞ்சின்கள் எல்லாம் வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எது எது என்று பிளாக்கில் வார்த்திருக்கும் எண்ணைப் படித்தால்தான் தெரியும். விற்றவர் 400 என்றால் அப்படியே நம்பாமல் அந்த எண்ணைப் பாருங்கள். ஆயில் வாங்கும்போது ஜிங்க் சேர்த்ததாக, பழைய எஞ்சினுக்கென்று விற்பதை வாங்குங்கள். இந்த கேம்ஷாஃப்ட்டுக்கு அது தேவை. டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வெளியேற்றி, ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்குகிற வகையாக மாற்றிவிடுங்கள். பின்பக்க சீலில் இரண்டு சொட்டு ஆயில் கசிந்தால் அதற்காக எஞ்சினை இறக்காதீர்கள். கசியாத பழைய பான்டியாக்கைப் பார்ப்பது அபூர்வம்.

ஸ்பேனர் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் பழகிய மில்லிமீட்டர் செட் இங்கே எதிரி. இந்த வண்டி முழுக்க அங்குல அளவு. அரை அங்குல போல்ட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். அழுத்தித் திருப்பினால் முனை மழுங்கி, அரை நாள் போய்விடும். கழற்றுகிற ஒவ்வொன்றுக்கும் தனிப் பை, பையின் மேல் எழுத்து, கழற்றும் முன் போட்டோ. இந்த இலாகாவை மகளிடம் கொடுத்துவிடலாம்.

பெயிண்டை வீட்டில் அடிக்கக் கூடாது என்பதில் நான் கறார். இன்றைய இரண்டு பாகக் கலவைப் பெயிண்டுகளில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலைப் பதம் பார்த்து, வாழ்நாள் ஆஸ்துமாவைக் கொடுத்துவிடும். கடையில் விற்கிற கரி முகமூடியை நம்பி இறங்க முடியாது, வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தருகிற முகமூடி வேண்டும். உங்கள் கராஜ் வீட்டோடு ஒட்டியதாக இருந்து, அதில் கேஸ் வாட்டர் ஹீட்டரும் இருந்தால் தீப்பிடிக்கவும் வழி இருக்கிறது. பெட்ரோலை வெளியேற்றும்போதும் இதே எச்சரிக்கைதான்: வண்டியை வெளியே தள்ளிவிட்டுச் செய்யுங்கள். போதாததற்கு மிஷிகன் ஜனவரியில் பெயிண்ட் ஒழுங்காகக் காயாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், கூரையும் பின் பக்கவாட்டுத் தகடும் சேருகிற இடத்தில் தொழிற்சாலையிலேயே ஈயம் உருக்கி நிரப்பியிருப்பார்கள். அதை உரசித் தேய்க்கிற வேலையில் மகளைச் சேர்க்கவே வேண்டாம். தொழில் தெரிந்த பெயிண்டரிடம் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ கொடுங்கள்.

உங்கள் மனைவி கேட்பது நியாயம். பிரிக்காத வண்டி என்றால் நான்கு சக்கரத்தில் நிற்கும், தள்ளி ஓரம் கட்டலாம், இரண்டு கார் கராஜ் என்றால் அவர் வண்டிக்கும் இடம் இருக்கும். ஒற்றைக் கராஜாக இருந்தால், பனியைச் சுரண்டிக் கண்ணாடி துடைத்து வைக்கிற பொறுப்பு தினமும் காலையில் உங்களுடையது.

உட்வர்டில் துருப்பிடித்த வண்டியோடு போக வெட்கப்பட வேண்டாம். 1995-இல் தொடங்கி, ஆகஸ்டின் மூன்றாவது சனிக்கிழமை நடக்கிற அந்த ஊர்வலத்தில், நிறம் மங்கி, ஒரு கதவு ஒரு கலராக வருகிற வண்டிகளையும் மக்கள் நின்று பார்க்கிறார்கள். அதிலும் அந்தச் சாலையின் வட கோடிதான் பான்டியாக் ஊர்.

இவ்வளவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இந்தச் சனிக்கிழமை ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, கீழே படுத்து, பின் அச்சுக்கு மேலே வளைந்து போகிற சேஸின் நீளச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்று வந்தால் சரி. மந்தமாகச் சத்தம் வந்து செதில் உதிர்ந்தால், ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். டிக்கித் தரை, பின் பக்கவாட்டுத் தகட்டின் அடிப்பகுதி, பாடி சேஸில் உட்காருகிற ரப்பர் தாங்கிகள் இருக்கும் இடங்களையும் பாருங்கள். துணி சுற்றிய காந்தம் தகட்டில் ஒட்டாமல் நழுவினால் அங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். டிக்கித் தரை ஓட்டையானால் ஒட்டு வைத்து வெல்டிங் செய்துகொள்ளலாம். சேஸில் ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினால் பாடியைத் தூக்கத்தான் வேண்டும், ஆகஸ்ட் கணக்கையும் மறந்துவிட வேண்டும். அப்படியானால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், மேற்கொண்டு பேசுவோம்.