எட்டாம் வகுப்போடு நின்ற நான் அந்தக் கூட்டத்தில் என்னத்தைக் கதைக்கிறது?

கேள்வி: அக்கா, எனக்கு 47 வயது, வயல் கூலி. சிறுநீரக வருத்தத்துக்கு வவுனியா கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முந்தி பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வந்து எங்கள் இரத்தம், சலம், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு போனது. முடிவு என்ன என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. இப்போது இந்த நோய் பற்றிய வேறொரு ஆராய்ச்சிக்கும், மாவட்டத் திட்டத்துக்கும் ஆலோசனைக் குழு போடுகிறார்களாம். நோயாளிகள் சார்பில் என்னை வரச்சொல்லி கிளினிக் மிஸ்ஸி கேட்டார். நான் எட்டாம் வகுப்பு. ஏதாவது எதிர்த்துக் கதைத்தால் மருந்தில் கைவைப்பார்களோ என்றும் பயம். மச்சான், “படம் எடுக்கத்தான் கூப்பிடுகினம், போகாதை” என்கிறார். போகட்டுமா?
– பெயர் வேண்டாம், நெடுங்கேணி

பதில்: போங்கள் தங்கச்சி. ஆனால் மிஸ்ஸி கேட்டவுடன் தலையாட்டாமல், சில விஷயங்களைக் கேட்டுத் தெளிந்துகொண்டு போங்கள். மச்சான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு நோயாளியைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்து, “சமூகத்தின் கருத்தும் பெறப்பட்டது” என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிற கூட்டங்கள் வன்னிக்குப் புதிதா என்ன? 2009-க்குப் பிறகு நாங்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களை அடுக்கினால் ஒரு வீடு கொள்ளாது.

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஆராய்ச்சிக்கு வரமாட்டேன் என்றாலும், பாதியில் விலகினாலும் உங்கள் சிகிச்சையில் கைவைக்கக்கூடாது என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட விதி. நீங்கள் கையெழுத்து வைக்கிற சம்மதத் தாளிலேயே அது எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள்.

அடுத்தது எட்டாம் வகுப்பு என்ற தயக்கம். படித்தவர்களே இன்னும் விடை காணாத சிறுநீரக நோய் இது. 1990-களில் அனுராதபுரப் பக்கம், மதவாச்சி, பதவிய என்று வெளியில் தெரியவந்தது. சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத விவசாயிகளுக்கும் வருகிறது. கடினத் தண்ணீர், புளோரைட்டு, களைநாசினி, வெயில் என்று எத்தனையோ சந்தேகங்கள் உண்டு, இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்டி இன்னும் முடிவு கட்டவில்லை. இந்த நோயின் பேரில் 2015-இல் கிளைபோசேட் களைநாசினியைத் தடைசெய்தார்கள், 2022-இல் தடையை எடுத்தார்கள். தடை வந்தபோதோ போனபோதோ, குனிந்து களை பிடுங்குகிற உங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

உங்களுக்கு என்ன தெரியும் என்று நான் சொல்கிறேன். ஆராய்ச்சிக்காரர்களின் கேள்விக்கொத்தில், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று இருக்கும். “வயலுக்குப் போனால் ஒரு போத்தல்” என்பீர்கள், அவர்களும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஏன் ஒரு போத்தல்? வெட்டவெளி வயலில் ஆம்பிளைகள் வரம்போரம் ஒதுங்கிவிடுவார்கள், பொம்பிளைகள் எங்கே போவது? விடிய இறங்கினால் மத்தியானம் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டு, அடக்க வேண்டுமே என்பதற்காகவே தண்ணீரைக் குறைத்து, அந்த வெயிலில் நிற்கிறோம். வெயிலும் உடம்பில் தண்ணீர் வற்றுவதும் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று ஆராய்கிற நேரத்தில் இது சின்ன விஷயமே இல்லை. ஊருக்குத் தண்ணீர் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. பிளான்ட் போட்டு நல்ல தண்ணீர் தந்தாலும், குடிக்காத தண்ணீரால் என்ன பயன்? இதைச் சொல்லப் பட்டம் தேவையில்லை, களை பிடுங்கியிருந்தால் போதும்.

இன்னொரு நாட்டுக் கதையும் சொல்கிறேன். நிக்கராகுவாவில் சிச்சிகல்பா என்ற ஊரில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் நிறையப் பேர் இதே மாதிரி நோயில் விழுந்தார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. கரும்புக் கம்பனிக்கு உலக வங்கிக் குழுமம் கடன் கொடுத்திருந்தது, அதன் முறைப்பாட்டு அலுவலகத்துக்கு 2008-இல் போனார்கள். ஆராய எந்தக் குழுவைக் கூப்பிடுவது என்பதையே கம்பனியும் நோயாளிகளின் சங்கமும் பேசி ஒத்துக்கொண்டுதான் முடிவெடுத்தன, பொஸ்ரன் பல்கலைக்கழகம் வந்தது. கேள்வி எல்லாம் அச்சடித்த பிறகு கருத்துக் கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். அதனால் மிஸ்ஸியிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, “கேள்விக்கொத்து முடிஞ்சுதா, இனித்தானா?” முடிந்துவிட்டது என்றால், எதை மாற்றலாம் என்று கேளுங்கள்.

அப்புறம், யார் யார் வருகிறார்கள்? இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1977, 83 இனக்கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து இங்கே குடியேறி, இன்றைக்கும் காணி உறுதி இல்லாமல் கூலிக்குப் போகிற குடும்பங்கள் இருக்கின்றன. 1990-இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள், வெலிஓயாவில் சிங்களக் குடும்பங்கள், ஷெல் துண்டை உடம்பில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள், சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள். பஸ் காசு இல்லாமல் கிளினிக்கை விட்டவர்களும் உண்டு, கிளினிக்கில் ஆள் பிடித்தால் அவர்கள் ஒருநாளும் அகப்பட மாட்டார்கள். நீங்கள் ஒருவர் போனதோடு வன்னி நோயாளர் எல்லாரும் வந்துவிட்டதாகக் கணக்கு முடித்துவிடுவார்கள், விடாதீர்கள். “எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லுவன், அவையளையும் கூப்பிடுங்கோ” என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

நாட்கூலியும் பஸ் காசும் கேட்க வெட்கப்படாதீர்கள். அந்த மேசையில் மற்றவர்கள் எல்லாரும் சம்பளத்தோடுதான் இருப்பார்கள். அரிவி வெட்டு நேரம், கிழமை நாள் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் என்றால் திகதியை மாற்றச் சொல்லுங்கள். தாள்களைத் தமிழில் முன்கூட்டியே தரச்சொல்லுங்கள், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கதைக்கிற டொக்டர் வந்தால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, யாரும் தயவு பண்ணவில்லை.

அந்தப் பழைய இரத்தப் பரிசோதனை முடிவை இப்படியே விட்டுவிடாதீர்கள். வந்தது அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால், 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அங்குள்ள தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மகளோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ எழுதித் தரட்டும், ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள். புதுக் குழுவிடமும் முடிவை எந்த மாதம், ஊரில் எந்த இடத்தில் வந்து சொல்வார்கள் என்று முதல் நாளே கேட்டு, கூட்டக் குறிப்பில் அதை எழுத வையுங்கள்.