முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்: பழைய பட்டன் பேட்ஜ்கள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு): லோரோங் கூலிட் சந்தையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஆங்கில வாசகம் எழுதிய பேட்ஜ்கள் வாங்கினேன். ‘ஐ லைக் ஐக்’ (அமெரிக்க அதிபர் ஐசனோவரின் தேர்தல் முழக்கம்) ஒன்று, வேட்பாளர் படம் போட்ட 1896 அமெரிக்கத் தேர்தல் பேட்ஜ் ஒன்று, மற்றதெல்லாம் வேடிக்கை வாசகங்கள். எது அசல், எது பிறகு அடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வாசகத்தைப் படித்து முடிவு செய்யாதீர்கள். வாசகத்தை யாரும் எப்போதும் மறுபடி அச்சடிக்கலாம். பேட்ஜ் எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பின்பக்கமும் விளிம்பும்தான் சொல்லும்.

பழைய பேட்ஜில் இரண்டு பெரிய வகை உண்டு. முதலாவது செல்லுலாய்ட். மெல்லிய தகட்டின்மேல் அச்சிட்ட காகிதம், அதன்மேல் கண்ணாடிபோன்ற செல்லுலாய்ட் தாள், மூன்றையும் விளிம்பில் மடித்துப் பின்னால் ஒரு உலோக வளையத்தை இறுக்கிவிடுவார்கள். ஊசிக் கம்பி அந்த வளையத்துக்குள் உட்காரும். நியூ ஜெர்சி மாநிலம் நூவர்க் நகரின் ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் 1896இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது. மெக்கின்லியும் பிரையனும் மோதிய அந்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில்தான் இது பெருமளவில் பரவியது. இந்நிறுவனத்தின் பேட்ஜ்களில் பின்குழிக்குள் நிறுவனப் பெயரும் காப்புரிமைத் தேதிகளும் அச்சிட்ட வட்டக் காகிதம் இருக்கும்.

இரண்டாவது வகை லித்தோ தகரம். தகரத் தாளிலேயே நேராக அச்சடித்துப் பிறகு வெட்டி வளைப்பது. காகிதமும் இல்லை, மேல் தாளும் இல்லை. கீறினால் உலோகம் தெரியும். இது ஏறக்குறைய முதல் உலகப்போர்க் காலத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே உங்கள் 1896 பேட்ஜ் லித்தோவாக இருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், அது மறுபதிப்பு. விளிம்பின் மடிப்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். 1968இல் கிளீனெக்ஸ் டிஷ்யூ பிராண்ட் பழைய தேர்தல் பேட்ஜ்களின் நகல் தொகுதியை வெளியிட்டது. விளிம்பில் அதன் பெயரும் ’68 என்ற எண்ணும் இருக்கும். 1972இல் ஓர் எண்ணெய் நிறுவனம் வெளியிட்ட தொகுதியில் ‘ஏ-ஓ-1972’ என்றிருக்கும். அந்த இடம் மட்டும் சுரண்டியோ சாயம் பூசியோ இருந்தால் யாரோ மறைக்க முயன்றிருக்கிறார்கள் என்று பொருள். 1973இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி அரசியல் பேட்ஜ் நகல்களில் செய்த ஆண்டைப் பொறிக்க வேண்டும். எல்லாரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை.

‘ஐ லைக் ஐக்’ சற்றுச் சிக்கலானது. 1952 அசலே இரண்டு வகையிலும் உண்டு. இதற்கு மூன்று சோதனைகள். விளிம்பில் அச்சகத்தின் முகவரி இருந்து, அதில் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணும் இருந்தால் அது 1963க்குப் பிந்தியது. அமெரிக்காவில் அந்த எண் முறை அந்த ஆண்டுதான் வந்தது. அடுத்து, கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கைப் பின்பக்கக் காகிதத்தின்மேல் காட்டுங்கள். பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் காகிதத்தில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. 1950களுக்குமுன் அது வழக்கத்தில் இல்லை. ஆகவே பேட்ஜ் பிந்தியதாக இருக்கலாம், ஆனால் 1952 பேட்ஜுக்கு இது மட்டும் சான்றாகாது. கடைசியாக, 10 மடங்கு பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து கறுப்பு மையால் மட்டும் அடித்தது, ஓரம் கத்திவெட்டாக நிற்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்தைச் சுற்றி நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி சிதறியிருக்கும்.

செல்லுலாய்டா என்று பார்க்க நெருப்பு காட்டுவதோ சூடான ஊசியால் குத்துவதோ கூடவே கூடாது. கட்டைவிரலால் சற்றுநேரம் தேய்த்து முகர்ந்தால் சில பேட்ஜ்களில் லேசாகக் கற்பூர வாசம் வரும். செல்லுலாய்டில் கற்பூரம் சேர்த்துத்தான் செய்தார்கள்.

கேள்வி (செந்தூல்): என் பேட்ஜில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. ஈரத்துணியால் துடைத்தேன், இன்னும் பரவிவிட்டது. எப்படிப் போக்குவது?

பதில்: போக்க முடியாது. அந்தக் கறை மேலே இல்லை. விளிம்பு வழியாக ஈரம் உள்ளே போய்த் தகடு துருப்பிடித்து, அந்தத் துரு காகிதத்தில் ஊறியிருக்கிறது. ஈரத்துணி பட்டால் அதே வழியில் இன்னும் நீர் இறங்கும். சிலர் பின்வளையத்தைக் கழற்றிக் காகிதத்தை வெளுக்கப் பார்க்கிறார்கள். பழைய செல்லுலாய்ட் அப்பளம்போல் நொறுங்கும். நொறுங்காமல் வந்தாலும் பழைய மடிப்பு மறுபடி இறுகாது.

இனி செய்யக்கூடியது பரவாமல் நிறுத்துவது மட்டுமே. உலர் பெட்டியில் வைத்து ஈரத்தை இறக்குங்கள். தூசிக்கு ஒட்டக ரோமத் தூரிகை அல்லது உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். முகத்தில் பிசுக்கு இருந்தால் பஞ்சுக்குச்சியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடையுங்கள். விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி, தின்னர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். அசிட்டோன் செல்லுலாய்டைக் கரைத்தேவிடும். பின்பக்க ஊசியில் துரு இருந்தால் சத்தே செருகும் மூங்கில் குச்சியின் முனையால் உலரவே சுரண்டுங்கள். எண்ணெய் விடுவது நம் வீடுகளில் பழக்கம். ஆனால் அந்த எண்ணெய் மடிப்புக்குள் ஊர்ந்து காகிதத்தில் ஒளி ஊடுருவும் கறையாகிவிடும்.

கேள்வி (தஞ்சோங் பூங்கா): கடலோர அடுக்குமாடி. முந்நூறு பேட்ஜ்களையும் கார்க் பலகையில் குத்திச் சுவரில் மாட்டியிருக்கிறேன். சரியா?

பதில்: இறக்கிவிடுங்கள். பினாங்கின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது, அதோடு உப்புக்காற்று. பேட்ஜுக்கு 40 முதல் 50 விழுக்காடு நல்லது. சுவரில் வெயில் பட்டால் முதலில் வெளிறுவது சிவப்புதான். குத்தி எடுக்கும்போது ஊசிக் கம்பி வளைந்து வளையத்திலிருந்து நழுவும்.

கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார டிரை பாக்ஸ் ஒன்றை 45இல் வைத்தால் கவலை தீர்ந்தது. அது வசதிப்படாவிட்டால் பாலிப்ரோப்பிலீன் டப்பா, சிறிய ஈரமானி, ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல். ஜெல் பச்சையானதும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி மறுபடி போடலாம். ஆனால் செல்லுலாய்ட் பேட்ஜ்களை முற்றிலும் காற்றுப் புகாமல் அடைக்கக்கூடாது. செல்லுலாய்ட் சிதையும்போது அமில வாயு விடும். அடைபட்ட வாயு மற்ற பேட்ஜ்களையும் அரிக்கும். வாரம் ஒருமுறை, மழை இல்லாத நாளில், ஏர்கான் போட்ட அறையில் திறந்து வையுங்கள். மேல்தாளில் சிலந்திவலைபோல் விரிசல், மூக்கைச் சுடும் புளித்த நெடி, உலோகத்தில் பச்சைப்பூச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பேட்ஜை அன்றே தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

மெத்தென்ற பிவிசி ஆல்பம் பக்கங்கள், ரப்பர் நுரை இரண்டும் ஆகாது. செல்லுலாய்ட் எளிதில் தீப்பிடிக்கும் பொருள். சாமி மாடத்து விளக்குக்கோ ஊதுவத்திக்கோ அருகில் அந்த டப்பா இருக்கவே கூடாது.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): மஞ்சள் சிரிப்பு முகப் பேட்ஜ் கிடைத்தது. விலை போகுமா?

பதில்: பெரிதாகப் போகாது. 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் உஸ்டர் நகரில் ஹார்வி பால் என்ற ஓவியர் ஒரு காப்பீட்டு நிறுவன ஊழியர்களின் மனநிலையைத் தூக்கிவிட இந்த முகத்தை வரைந்து 45 டாலர் வாங்கினார்; உரிமை எதுவும் பதிவு செய்யவில்லை. 1970களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் ஸ்பெயின் சகோதரர்கள் அதே முகத்தோடு ‘ஹாவ் எ ஹேப்பி டே’ என்று சேர்த்து விற்றார்கள். பேட்ஜ் கோடிக்கணக்கில் போனது. அதனால் எங்கும் கிடைக்கும்.

கேள்வி (பட்டர்வொர்த்): சாய்த்தால் எழுத்து மாறும் பேட்ஜ் ஒன்று. சுத்தம் செய்யலாமா?

பதில்: அது ஃபிளாஷர். வரிவரியான பிளாஸ்டிக் லென்ஸின் அடியில் இரண்டு படங்களைக் கீற்றுக் கீற்றாகக் கலந்து அச்சிட்டிருப்பார்கள். வாரி-வ்யூ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வரி ஓடும் திசையிலேயே உலர் தூரிகையால் தட்டுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். வெயில்பட்டு லென்ஸ் சுருங்கினால் வரியும் படமும் விலகி, இரண்டு வாசகமும் ஒரே சமயத்தில் தெரியும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): அமெரிக்கப் பேட்ஜ்களை விட்டு நம் ஊர்ப் பேட்ஜ்களைச் சேர்க்க நினைக்கிறேன். ஆண்டு போடாதவற்றை எப்படிக் கணிப்பது?

பதில்: நல்ல முடிவு, இவற்றைப் பட்டியலிட்டவர்கள் மிகக் குறைவு. உள்ளூர்ப் பேட்ஜில் பின்பக்கம் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். இங்குமட்டும் வாசகமே துணை. மலாய் எழுத்துக்கூட்டல் 1972 ஆகஸ்டில் மாறியது. ‘ச்’ ஒலிக்கு அதுவரை ‘ch’ என்று இரண்டு எழுத்துகள், பிறகு ‘c’ ஒன்று மட்டும். ‘கெச்சில்’ (சிறிய) போன்ற சொல்லில் பழைய இரட்டையெழுத்து இருந்தால் பேட்ஜ் அநேகமாக அந்த ஆண்டுக்கு முந்தியது. தமிழ்ப் பேட்ஜில் துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ இருந்தால் பழசாக இருக்கலாம். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்தைச் சீர்திருத்தியது. பழைய அச்செழுத்துகள் அதற்குப் பின்னும் புழங்கியதால் இதை உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘பெர்சே, செக்காப், அமானா’ (தூய்மை, திறமை, நம்பகம்) 1982இல் தொடங்கிய மலேசிய அரசு இயக்கத்தின் முழக்கம். மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு என்று முதலில் கொண்டாடியது 1990இல். கொடுத்தவரிடம் எந்த நிகழ்ச்சி, எந்த ஊர் என்று கேட்டு அன்றே எழுதி வையுங்கள். அந்தச் சீட்டு போனால் பேட்ஜின் பாதி மதிப்பு போனது.

கேள்வி (ஒரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோலாலம்பூர்): விளையாட்டு விழாவுக்குத் தமிழ் வாசகத்தோடு 200 பேட்ஜ்கள் நாங்களே செய்யப்போகிறோம். 58 மில்லிமீட்டர் இயந்திரம் இரவல் கிடைத்திருக்கிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: 220 செட் வாங்குங்கள், கைபழகும்வரை வீணாகும். காகிதத்தை 70 மில்லிமீட்டர் வட்டமாக வெட்ட வேண்டும். முகத்தில் தெரிவது 58, மீதி பின்னால் மடியும். எழுத்தை 48க்குள் அடக்குங்கள். ஓரம் வளைவதால் அதற்கு வெளியே உள்ள எழுத்து சாய்ந்து தெரியும். காகிதம் 80 முதல் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) இருக்கட்டும். தடித்த அட்டை போட்டால் மடிப்பு பாதியில் நிற்கும், பின்வளையம் கழன்று விழும். லேசர் அச்சு நல்லது, பிள்ளைகளின் வியர்வையில் கரையாது.

இடப்பக்க அச்சில் முகத் தகடு மேடு மேலாக, அதன்மேல் காகிதம், அதன்மேல் ஒரே ஒரு பிளாஸ்டிக் தாள். அழுத்தினால் மூன்றும் மேல் அச்சோடு போய்விடும். தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டாக வருவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு; முகம் சுருங்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். வலப்பக்க அச்சில் பின்தகடு, ஊசி கீழே பார்த்திருக்க வேண்டும். மறுபடி அழுத்துங்கள், முழுவதுமாக, ஒரே மூச்சில். படத்துக்கு மேல்பக்கம் எது, ஊசிக்கு மேல்பக்கம் எது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அம்புக்குறி வரைந்த காகிதத்தில் ஒன்று செய்து பார்த்து, அச்சில் மார்க்கர் கோடு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இருநூறும் தலைகீழாகத் தொங்கும்.

தமிழுக்கு இரண்டு எச்சரிக்கைகள். கோப்பை அனுப்புமுன் எழுத்துகளை வடிவக்கோடாக (அவுட்லைன்) மாற்றுங்கள். அச்சகத்துக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். வட்ட ஓரமாக எழுத்தை வளைக்கும்போது சில மென்பொருள்கள் ‘கே’யில் கொம்பைத் தனியாகவும் ‘க’வைத் தனியாகவும் பிரித்துவிடும். நேர்வரியில் அமைப்பதே பாதுகாப்பு. ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்றால் ‘தமிழ்ப்பள்ளியே’ ஒரு வரி, ‘நமது தேர்வு’ அடுத்த வரி. இரண்டாம் வரி குட்டையாக இருப்பதால் அதைப் பெரிதாக்கலாம். 16 புள்ளிக்குக் கீழே இறங்காதீர்கள். மேலே கொக்கியும் கீழே சுழியும் இடிக்காதபடி வரி இடைவெளியை எழுத்தளவில் 1.3 மடங்கு விடுங்கள். முதல் நாலைந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம், காந்தப் பின்தகடு 58 அளவிலேயே கிடைக்கும். காந்தம் கழன்று விழுந்தால் வாயில் போட்டுக்கொள்ளும் வயது என்றால், காந்தமும் வேண்டாம். நூல் கோத்துக் கழுத்தில் மாட்டுங்கள்.